மூன்றில் இரண்டு பங்கு

இரத்தினசிங்கத்தை வீழ்த்துவதா காப்பாற்றுவதா என்று அவருடைய சொந்த அணியே முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அவர் மெல்பேர்னின் தென்கிழக்குத் தமிழர் ஒன்றியத்துக்கு ஆறு வருடமாகத் தலைவர். ஒன்றியத்தின் கடிதத் தாளில் பொய் எழுதிக் கையெழுத்திட்டார் என்று செயற்குழு ஏழுக்கு நான்கு வாக்குகளால் அவர்மீது குற்றச்சாட்டை நிறைவேற்றியிருந்தது. இனி விசாரிப்பது பொதுக்கூட்டம். வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றவாளி என்று சொன்னால் பதவி போகும். அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. எதிரணியிடம் பாதி வாக்குக்கூட இல்லை. இரத்தினசிங்கத்தின் உதயம் அணி கைவிட்டால் மட்டுமே அவர் விழுவார். ஒன்றியத்தின் தேர்தலுக்கு ஐந்து வாரம் இருந்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் காலை, வைதேகி மடிக்கணினியோடு கௌரிசங்கரின் வீட்டுக்கு வந்தாள். சந்தை ஆய்வு நிறுவனமொன்றில் வேலை செய்பவள். உதயம் அணியின் தேர்தல் வேலை முழுவதும் அவள் கையில். கௌரிசங்கர் உபதலைவர், இரத்தினசிங்கத்தின் இருபது வருடச் சிநேகிதர்.

"நூற்றுப் பன்னிரண்டு பேரோட போனில கதைச்சனான் அண்ணை. அவரைக் காப்பாத்தினா நாங்கள் தோப்பம். ஒதுங்கி நிண்டாலும் தோப்பம். நாங்களே தண்டிச்சா வெல்லுவம்."

"அதெப்பிடி?"

"சனம் ஒண்டைத்தான் கேக்குது. உங்கட ஆள் பிழை விட்டா உங்களால சொல்ல ஏலுமோ எண்டு. நாளைக்கு ஏலும் எண்டு காட்டினா, எதிரணிக்குக் கதைக்க ஒண்டும் இராது."

"அவரின்ர ஆக்கள் கோவிச்சுக்கொண்டு தேர்தலுக்கு வராமல் விட்டா?"

"அதுக்குத்தான் வந்தனான். அவருக்கு நெருக்கமான ஒருத்தர் எழும்பிப் பேசவேணும். அழுது பேசினாலும் நல்லது. நீங்கள்தான் பேசவேணும்."

கௌரிசங்கர் குசினிப் பக்கம் பார்த்தார். மனைவி யோகா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கடிதத்தைக் கேட்டதே நான்தான், வைதேகி."

"தெரியும். அவர் சொல்லமாட்டார். அதையும் யோசிச்சுப்போட்டுத்தான் உங்களிட்ட வந்தனான். தேர்தலில வெண்டா நீங்கள்தான் அடுத்த தலைவர்."

யோகா இரண்டு கோப்பைகளையும் மேசையில் வைத்தாள். "லதீஸின்ர பேர் வெளியில வராதுதானே?" என்று கேட்டாள்.

"ஏன் வரப்போகுது அன்ரி?" என்றாள் வைதேகி.

லதீஸ் அகதியாகப் படகில் வந்தவன். பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக விசா, கோழி வெட்டும் ஆலையில் வேலை. கௌரிசங்கரின் தகப்பன் படுக்கையில் கிடந்த கடைசி எட்டு மாதமும், வேலையில்லாத நாட்களில் வந்து அவரைத் தூக்கிக் குளிப்பாட்டியவன் அவன்தான். மகன் மலம் அள்ளவில்லை, அவன் அள்ளினான். அவனுடைய விசா முறையீட்டுக்காகத்தான் கௌரிசங்கர் கடிதம் கேட்டார். 2013 இலிருந்து ஒன்றியத்தின் தொண்டன் என்று எழுதச் சொன்னார். "அவன் 2019 இலதானே எங்களிட்ட வந்தவன்?" என்று இரத்தினசிங்கம் தயங்கினார். "ஒரு வரிதானே அண்ணை" என்றார் கௌரிசங்கர். ஒப்பம் விழுந்தது. பிறகு, பெயர் மறைக்கப்பட்ட அதன் பிரதி எப்படியோ எதிரணியின் கைக்குப் போய்விட்டது; செயற்குழு கேட்டபோது ஒரு வரி பொய் என்று இரத்தினசிங்கம் ஒப்புக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் இருநூற்று இருபத்தொரு பேர் கூடினார்கள். இரத்தினசிங்கத்துக்கு அண்மையில்தான் கண் ஒப்பரேஷன் நடந்திருந்ததால் கார் ஓட்ட முடியாது. கௌரிசங்கரே அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

எல்லோருக்கும் கடிதத்தின் பிரதி கொடுக்கப்பட்டது. லதீஸின் பெயர் மட்டும் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தது. இரத்தினசிங்கத்தின் பேச்சு ஒரு நிமிடம்கூட நீளவில்லை.

"ஒரு வரி பொய்தான். கையெழுத்து என்ர. ஆருக்குக் குடுத்தது, ஆர் கேட்டது எண்டு மட்டும் கேக்காதேங்கோ. அந்தப் பிள்ளையின்ர சீவியம் இதில கிடக்கு."

பிறகு கௌரிசங்கர் எழுந்தார். இருபது வருட நட்பைச் சொன்னார். ஒன்றியம் நட்பைவிடப் பெரியது என்றார். குரல் உண்மையாகவே உடைந்தது; முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர் அமரப் போகும்போது எதிரணியின் விக்னராஜா எழும்பிக் கத்தினார்.

"எல்லாம் நாடகம்! பேரை மறைச்சுக்கொண்டு என்ன நீதி? உங்களுக்குத் தெரியும்தானே, சொல்லுங்கோ பாப்பம்!"

மண்டபம் இரைந்தது. கௌரிசங்கர் வைதேகியைப் பார்த்தார். சொல்லுங்கள் என்பதுபோல அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"லதீஸ்" என்றார் அவர்.

கதிரைகள் கிரீச்சிட்டன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசி வரிசையில், காலை வேலை முடிந்து நேரே வந்திருந்த லதீஸ் எழுந்து நின்றான். தலைவருக்காக இரண்டு வார்த்தை பேச வந்தவன். கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மறுபடி கதிரையில் இருந்தான். இரத்தினசிங்கம் கையைத் தூக்கி, "பிள்ளையை விடுங்கோ, பிள்ளையை விடுங்கோ" என்றார். அது ஒருவர் காதிலும் விழவில்லை.

நூற்று அறுபத்தெட்டுப் பேர் குற்றவாளி என்றார்கள்.

கூட்டம் கலைந்தபோது இரத்தினசிங்கம் வாசலில் நின்றார். கௌரிசங்கர் கார்த் திறப்பை எடுத்தார். வைதேகி அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

"இப்ப அவரை ஏத்திக்கொண்டு போனா, இவ்வளவும் நடிப்பு எண்டு சனம் சொல்லும்."

அவர் திறப்பைத் திரும்பப் பையில் போட்டார். இரத்தினசிங்கம் அதைப் பார்த்தார். பிறகு கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூறலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். ஒருமுறை பாதையின் விளிம்பு தெரியாமல் தடுக்கினார். அவரைப் பிடித்துக்கொள்ள ஓடிப் போனவன் லதீஸ்.

வைதேகியின் கணிப்புத் தப்பவில்லை. ஐந்து வாரத்தின் பின் உதயம் அணி முப்பத்தொரு வாக்குகளால் வென்றது. இரத்தினசிங்கத்தின் ஆட்கள் வந்து வாக்களித்தார்கள். அன்றைய பேச்சைக் கேட்டபின் கௌரிசங்கரை நம்பாமல் இருக்க முடியவில்லை என்று சிலர் சொன்னார்கள்.

அடுத்த கிழமை லதீஸ் கௌரிசங்கரின் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான்.

"லோயர் சொல்லுறார், பழைய கடிதத்தைத் திரும்ப எடுக்கவேணுமாம். உண்மையான திகதியோட புதுசு ஒண்டு குடுத்தா உதவுமாம். 2019 எண்டே போடுங்கோ அண்ணை. அது போதும்."

"விசாவுக்கு இனிக் கடிதம் குடுக்கிறேல்லை எண்டு தேர்தலில வாக்குக் குடுத்திட்டம், லதீஸ். அதைச் சொல்லித்தான் வெண்டனாங்கள்."

"இது பொய் இல்லையே அண்ணை?"

"உண்மை பொய் எண்டில்லை. முதல் மாசமே நான் அதை மீற ஏலாது. கொஞ்ச நாள் போகட்டும்."

"விசாரணை பதினேழாம் திகதி."

கௌரிசங்கர் கதவுப் பிடியில் கையை வைத்தார். லதீஸ் தலையாட்டினான். "சரி அண்ணை, போட்டு வாறன்" என்றான்.

உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்ட யோகா, "ஒரு தாள்தானே?" என்றாள். அவர் ஒன்றியத்தின் நன்றி அறிக்கையைத் திருத்தப் போனார்.

பதினேழாம் திகதி இரத்தினசிங்கம் சாட்சி சொல்லப் போனார். பொய்க் கடிதம் எழுதியதற்காகச் சொந்த ஒன்றியமே நீக்கிய மனிதர் அவர். அவருடைய சொல்லுக்கு அங்கே பெறுமதி இருக்கவில்லை. முறையீடு தள்ளுபடியானது. அந்தச் செய்தி வந்த மாலை ஒன்றியத்தின் செயற்குழு கூடியிருந்தது. கௌரிசங்கர் லதீஸுக்கு வருத்தம் தெரிவிக்கலாமா என்று கேட்டார். அது தேவையற்ற கேள்விகளைக் கிளப்பும் என்றாள் வைதேகி. அடுத்த விடயத்துக்குப் போனார்கள்.