மூணுதரம்

பாக்கியசீலனுடைய தொண்டைக்குப் பாளையங்கோட்டையில் அந்தத் தெரு முழுக்கத் தனி மரியாதை உண்டு. இருபத்திரண்டு வருஷமாகக் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகையில் காணிக்கையாக வரும் பொருள்களை அவர்தான் ஏலம் விடுகிறார். பூசணிக்காய், வாழைத்தார், நாட்டுக்கோழி, யாரோ வீட்டுத் தென்னங்கன்று, எது மேசைக்கு வந்தாலும் சரி, "ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று இழுத்து, ஒரு மூச்சு நிறுத்தி, "மூணுதரம்!" என்று அவர் போடுகிற போட்டில் முன்வரிசைப் பிள்ளைகள் துள்ளி விழும். மைக் கையில் இருப்பது சும்மா அலங்காரத்துக்கு.

இந்த வருஷம் அந்தத் தொண்டையே அவரை மாட்டிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி இருக்கும். கையில் ஒரு சேனைக்கிழங்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கோயில் வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. லில்லி டீச்சர் இறங்கினார். டீச்சர் ஓய்வு பெற்ற பிறகு, சேரன்மகாதேவிப் பக்கம் ஆற்றங்கரையில், போக்கிடம் இல்லாத நாய்களை வைத்துக் காப்பாற்றுகிறவர். ஏலத்தோடு நாய்களுக்கும் வீடு பார்த்துவிடலாம் என்று சபையின் போதகரான ஐயர்தான் அவரை வரச் சொல்லியிருந்தார். ஆட்டோவிலிருந்து ஒரு கறுப்புக் குட்டி குதித்தது, ஒரு செவலை குதித்தது. மூன்றாவது நாய்க்குக் குதிக்கத் தெம்பில்லை. டீச்சர் அதைத் தூக்கி இறக்கினார். அதைப் பார்த்ததும் பாக்கியசீலன் தூக்கிப் பிடித்திருந்த கிழங்கை இறக்கிவிட்டார்.

அது ரூபி. அவர் வீட்டு ரூபி.

எலும்பும் தோலுமாக இருந்தது. சொறிக்கு மருந்து போடுவதற்காக முடியை ஒட்டச் சிரைத்திருந்தார்கள். கண் இரண்டிலும் பூ விழுந்திருந்தது. சபையில் வேறு யாருக்கும் அடையாளம் தெரியாது. பதினோரு வருஷம் சோறு போட்டவருக்குத் தெரியாமல் போகுமா?

மகள் ஸ்டெபி காலேஜ் படிக்கையில் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த குட்டி அது. மகள் கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போய்விட்டாள். நாய் இவர்களோடு நின்றுவிட்டது. அதற்கும் வயதானது. கண் மங்கியது. புதிதாகப் போட்ட டைல்ஸ் தரையில் நினைத்த இடத்தில் மூத்திரம் போனது. மனைவி கிரேஸ் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் துடைத்தாள். துடைக்காத இவருக்குத்தான் பொறுக்கவில்லை. ஏழு வாரத்துக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை, கிரேஸ் உபவாசக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து, ரூபியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் லில்லி டீச்சர் வீட்டுக் கேட்டில் கட்டிவிட்டு வந்துவிட்டார். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் டீச்சர் என்ன கடித்தா வைத்திருப்பார்? மனுஷன் மணிகூட அடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, தன் கேட்டின் கொண்டியை எடுத்துவிட்டுக் கதவைப் பாதி திறந்து வைத்தார் பாருங்கள், அதுதான் பெரிய அயோக்கியத்தனம்.

"நான்தான் கொண்டி போடாமப் போயிட்டனோ?" என்று கிரேஸ் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"வயசாச்சுல்லா, மறந்திருப்ப. விடு" என்றார் இவர்.

அன்றிலிருந்து கிரேஸ் எங்கே புறப்பட்டாலும், கொண்டியைப் போட்டுவிட்டு நாலு எட்டு போவாள், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பாள். தன் ஞாபகத்தையே நம்பாத பெண்ணாகிவிட்டாள். சபையில் எழுந்து நின்று, "என் கவனக்குறைவால ஒரு வாயில்லா ஜீவன் தெருவுல அலையுது, ஜெபிச்சுக்கிடுங்க" என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆமென் சொன்னவர் யார்? நம்ம அண்ணாச்சிதான்.

இப்போது கிரேஸ் கோயிலுக்குப் பின்பக்கம், பெண்கள் ஐக்கிய சங்கத்து முறுக்குக் கடையில் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் நாய் தெரியாது. அது ஒரு நிம்மதி. ஆனால் ரூபிக்குக் கண்தான் போனதே தவிர, காது போகவில்லை. அந்தக் காதுக்கு அவர் குரல் தெரியும். குரல் மட்டுமா? வீட்டில் ஒரு விளையாட்டு உண்டு. தட்டில் சோற்றை வைத்து "ஒருதரம்" என்பார், ரூபி உட்காரும். "ரெண்டுதரம்" என்பார், வாய் ஊறும். "மூணுதரம்" என்று சொன்ன பிறகுதான் தட்டில் வாய் வைக்கும். குட்டியிலிருந்து பழக்கியது. கிரேஸ் சோறு வைத்தாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேப்பமரத்தடியில் ரூபியைக் கட்டினார்கள். மேசைக்கும் மரத்துக்கும் பத்தடிகூட இருக்காது.

"சேனைக்கிழங்கு... கொம்பையா கேட்டது... ஒண்ணு, ரெண்டு, சரி, முடிஞ்சுது" என்று பாக்கியசீலன் மைக்கில் முனகினார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொம்பையா தெரு முக்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். சபைக்காரர் இல்லை, ஆனாலும் வருஷம் தவறாமல் ஏலத்துக்கு வந்துவிடுவார். வாயும் சும்மா இருக்காது.

"என்ன வே பாக்கியம், ஏலம் விடுதீரா, காதுல ரகசியம் சொல்லுதீரா?"

"சளி வே. தொண்ட கட்டிட்டு."

"காலையில ஆராதனையில ஒம்ம கட்டக் குரல்தான தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சு?"

பாக்கியசீலன் மைக்கை ஐயர் பக்கம் நீட்டினார். "முடியல ஐயரே. வேற யாராவது விடட்டும்."

"நீங்க விடாத ஏலம் ஒரு ஏலமா அண்ணாச்சி?" என்று ஐயர் அதை அன்போடு திருப்பி அவர் கையிலேயே வைத்து அழுத்தினார். அது போதாதென்று ஒரு பையனைப் பார்த்து, "லே, பின்னால போய் கிரேஸ் அம்மாகிட்ட அண்ணாச்சிக்குத் தொண்ட கட்டிட்டுன்னு சொல்லு. சுக்குக் காப்பி போட்டு எடுத்துட்டு வரட்டும்" என்றார்.

பொய் சொன்ன வாய்க்குச் சுக்குக் காப்பி வருகிறது. அதைக் கொண்டுவருவது கிரேஸ். மேசையை விட்டு நழுவி ஓடலாம் என்றால் கூட்டம் நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்கிறது. காப்பி கொதிக்கப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் ரூபியை யார் தலையிலாவது கட்டி ஆட்டோவில் ஏற்றிவிட்டால் பிழைத்தோம் என்று கணக்குப் போட்டார்.

"மொதல்ல நாயை விட்டுருவோம். பாவம், வெயிலு" என்றார். என்ன கரிசனம்!

லில்லி டீச்சர் முன்னால் வந்தார். நாற்பது வருஷம் வகுப்பெடுத்த குரல்; மைக்கைத் தொடவே இல்லை.

"இதுகளுக்குத் துட்டு வேண்டாம். கை தூக்குறவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாப் போதும். அரிசி தாறிய, பழைய பெட்சீட் தாறிய, பிள்ளைக பொறந்தநாளுக்கு பிஸ்கட் கொண்டுவாறிய. நல்லாயிருப்பிய. ஆனா என்கிட்ட இருபத்து மூணு கெடக்கு, எனக்குக் கை ரெண்டுதான். வளக்க முடியலைன்னா ஒரு மாசம் வச்சிருந்து குடுங்க. அதுவும் முடியலைன்னா ஞாயித்துக்கெழம சாயந்தரம் வந்து ஒரு மணி நேரம் நடக்கக் கூட்டிட்டுப் போங்க. வேண்டாம்னு ஆயிட்டா, கேட்டுல கட்டிப்போட்டுட்டு ஓடிராதீங்க. உள்ள வாங்க. நான் ஒண்ணும் ஏச மாட்டேன். அது பேரு என்ன, எப்படித் திங்கும், அத மட்டுமாவது சொல்லிட்டுப் போங்க."

பாக்கியசீலன் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நீவினார்.

கறுப்புக் குட்டியை ஐயர் வீட்டம்மா எடுத்துக்கொண்டார். செவலை பாட்டுக்குழு சுஜினுக்குப் போனது. இரண்டுக்கும் "சரி, சரி" என்று முனகியே ஒப்பேற்றிவிட்டார். மிச்சம் ரூபி.

டீச்சர் பந்தியிலிருந்து ஒரு தட்டில் கறிக்குழம்பும் சோறுமாக வாங்கிவந்து ரூபியின் முன்னால் வைத்தார். ரூபி மோந்து பார்த்தது. எச்சில் ஒழுகியது. வாய் வைக்கவில்லை. முகத்தைத் தூக்கி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது.

"பாத்தியளா? இதுதான் இவ கத. கட்டிட்டுப் போன அன்னைக்கிருந்து நாலு நாளு பச்சத் தண்ணிதான். கையில உருட்டி ஊட்டுனா ரெண்டு வாய் திங்கும். தட்டுல வச்சாத் தொடாது. ஏதோ ஒரு சொல்லுக்குக் காத்துட்டு இருக்கு. எனக்கு அந்தச் சொல்லு தெரியல. சாப்பிடுன்னேன், தின்னுன்னேன், இங்கிலீஷ்ல சொன்னேன். ஜெபம் பண்ணுற வீட்டு நாயா இருக்குமோன்னு ஆமென்னுகூடச் சொல்லிப் பாத்துட்டேன்."

கூட்டம் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. "கொண்டுவந்து கட்டுன மவராசன் அந்த ஒத்தச் சொல்ல ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கழுத்துல கட்டியிருந்தா, இது இப்படி உருகியிருக்காது."

அந்த மகராசன் பத்தடி தூரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எனக்குத் தாங்க டீச்சர்" என்று கொம்பையா கையைத் தூக்கினார். "கடைக்குப் பின்னால நெழலு இருக்கு. கெடந்துட்டுப் போவட்டும். ஏ பாக்கியம், ஏலத்த முடியும் வே."

இதோ வழி. ஒரு முனகல் போதும். ரூபி கொம்பையாவோடு போய்விடும், கிரேஸ் காப்பியோடு வரும்போது மரத்தடி காலியாக இருக்கும். கொம்பையா நல்ல மனுஷன், வேளாவேளைக்குச் சோறு வைப்பார். வைத்த சோற்றின் முன்னால் ரூபி நிற்கும். ஈ மொய்க்கும். அந்தச் சொல் கொம்பையாவுக்குத் தெரியாது. பூமியில் மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி பெங்களூரில். ஒருத்தி அடுப்படியில். மூன்றாவது ஆள் தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறான்.

பாக்கியசீலனுக்கு வெட்கத்தில் செத்துப்போகலாம்போல இருந்தது. ஆனால் செத்தாலும் அந்தத் தட்டில் சோறு அப்படியே அல்லவா இருக்கும்?

"ஒருதரம்" என்றார். காற்றுத்தான் வந்தது.

ரூபியின் காது விறைத்தது. பின்னங்கால்கள் நடுங்க, மெல்ல மெல்ல, ஒழுங்காக உட்கார்ந்தது. கூட்டத்தில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஆனால் கோயில் மூலை திரும்பி, கையில் ஆவி பறக்கும் டம்ளரோடு வந்த கிரேஸ் கவனித்தாள். ஒருதரம் என்றால் உட்காருகிற நாய் உலகத்தில் எத்தனை இருக்கும்? அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவரும் அவளைப் பார்த்துவிட்டார். மைக்கை மேசையில் வைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"ரெண்டுதரம்!"

ரூபியின் எச்சில் தரையில் சொட்டியது.

"மூணுதரம்!"

முன்வரிசைப் பிள்ளைகள் துள்ளி விழுந்தன. ரூபி தட்டில் வாயை வைத்தது. வைத்த வாயை எடுக்கவில்லை. அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் அது நக்கித் தின்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. டீச்சர் நாயைப் பார்த்தார், பாக்கியசீலனைப் பார்த்தார். "என்ன வே இது..." என்று ஆரம்பித்த கொம்பையா, பாதியில் புரிந்துகொண்டு வாயை மூடினார்.

கிரேஸ் நேரே வந்து டம்ளரை மேசையில் வைத்தாள். அழவில்லை, ஏசவில்லை. ரூபியின் முதுகெலும்பை ஒருமுறை தடவிக் கொடுத்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"அப்பம் அன்னைக்கு நான் கொண்டி போட்டுட்டுத்தான் போயிருக்கேன்."

"போட்டுட்டுத்தான் போன கிரேஸ். நான்தான் எடுத்தேன்."

மேசையில் கிடந்த மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை. கோயில் கோபுரத்து ஒலிபெருக்கிக் குழாய் வழியாக அது தெரு முழுக்கக் கேட்டது.

கொம்பையாதான் தொண்டையைக் கனைத்தார். "ஏலம் என் பேருக்குத்தான முடிஞ்சுது? நான் எடுத்தத கிரேஸ் மதினிக்குக் குடுக்கேன். ஒமக்கு இல்ல வே."

"பேரு என்ன அண்ணாச்சி?" என்று கேட்டார் லில்லி டீச்சர்.

"ரூபி."

"ஏழு வாரமா அஞ்சாறு பேரு வச்சுக் கூப்பிட்டேன், ஒண்ணுக்கும் திரும்பல." டீச்சர் கயிற்றை அவிழ்த்துக் கிரேஸ் கையில் கொடுத்தார். "இன்னும் இருபது கெடக்கு. ஞாயித்துக்கெழம வந்துருங்க." வருவீர்களா என்று கேட்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். கிரேஸ் கேட்டைத் திறந்து ரூபியை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். கொண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாக்கியசீலன்தான் கொண்டியைப் போட்டார். போட்டுவிட்டு நாலு எட்டு போனார். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தார்.