தொட்டியில் போடாத தூள்

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்கு மேலே இருந்த தண்ணீர்த் தொட்டிக்கு ரெங்கசாமிதான் பொறுப்பு. ஓடையிலிருந்து தொட்டிக்கு வரும் தண்ணீரில் தினமும் காலையில் ஒரு கரண்டி குளோரின் தூளைக் கரைத்து ஊற்ற வேண்டும். 1978 கடைசியில் மழை பிடித்துக்கொண்டபோது அவர் மேடேறுவதை நிறுத்திவிட்டார். "இப்பதான் தேத்தண்ணி நல்லா இருக்குலா, மருந்து வாடையே இல்ல" என்று லயத்தில் சொன்னார்கள். அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

மூன்றாவது வாரம் காய்ச்சல் தொடங்கியது. டைபாய்டு என்றார்கள். பதினொரு பேர் படுத்தார்கள். முனியாண்டியின் மகள் சரோஜா தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடந்தாள்.

தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸர் அமிர்தலிங்கம் மருந்துப் பெட்டியோடு வீடு வீடாக வந்தார்.

"மேல காய்கறித் தோட்டத்துக் கக்கூஸ் எல்லாம் மழையில ஓடைக்குத்தான் வடியுது. அந்தக் கிருமி வாய் வழியாத்தான் உள்ள போகும். தினமும் தூள் போட்டியா, ரெங்கசாமி?"

"போட்டேங்கய்யா."

அன்று சாயங்காலமே டின்னில் கட்டிதட்டிக் கிடந்த தூளைச் சுரண்டிப் பள்ளத்தில் கொட்டினார். மறுநாள் காலி டின்னைப் பார்த்த டிரஸர் நம்பிவிட்டார்.

தண்ணீரில் தப்பில்லை என்றதும் பேச்சு அம்சவல்லி பக்கம் திரும்பியது. புருஷன் இல்லாதவள், லயத்துக் கோடியில் வடை சுட்டு விற்பவள். கை கழுவாமல் மாவு பிசைந்திருப்பாள் என்றார்கள். கடையை மூடச் சொல்லிவிட்டார் ஆட்களை மேய்க்கும் கங்காணி. ரெங்கசாமி அந்தப் பக்கம் போனபோது அவள் அரைத்த மாவைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வடை மிச்சம் இருக்குண்ணே. நீங்களாச்சும் சாப்பிடுங்க" என்று நீட்டினாள்.

வாங்கிக் கடித்தார். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். தலையைக் குனிந்தபடியே எல்லாவற்றையும் சொன்னார், டின்னைக் காலி செய்தது உட்பட.

அம்சவல்லி மாவுச் சட்டியைக் கீழே வைத்தாள். பிறகு, "எங்கிட்டத் தனியா சொல்லி என்ன ஆகப்போவுது? எல்லாரும்தான் என்னைச் சொன்னாங்க. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடிய பெரட்டில், ரெங்கசாமி முன்னால் வந்து நின்றார். "தூள் நான் போடல. டிரஸரய்யா கிட்ட பொய் சொன்னேன். அம்சவல்லி மேல குத்தம் இல்ல."

அடிப்பார்கள் என்று நினைத்தார். யாரும் கை ஓங்கவில்லை. வாடை இல்லை என்று மெச்சியவர்கள் தரையைப் பார்த்தார்கள். முனியாண்டி மட்டும் கிட்டே வந்து அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார்.

தொட்டி வேலை வேறொருவர் கைக்குப் போயிற்று. ரெங்கசாமியைப் புல் வெட்டப் போட்டார்கள். அடுத்த மாதம் சரோஜா பிழைத்து வீடு திரும்பினாள். தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியிருந்தது. அதற்குப் பிறகு அவள் எதிரே வந்தாலே, ரெங்கசாமி தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி நின்றுகொள்வார்.