வெளித் தாழ்ப்பாள்

பின்னறைக் கதவில் வெளித் தாழ்ப்பாள் போட்டிருப்பதைப் பார்த்ததும், மகளுக்காக எடுத்து வந்த தண்ணீர் டம்ளரை அவள் தரையில் வைத்தாள்.

"யாரு அண்ணி தாழ்ப்பாள் போட்டது?"

கணவரின் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "நான்தான். கூடம் முழுக்க ஆளுங்க. இவ வந்து ஏதாவது உளறினா? சிரிச்சு வெச்சா? தம்பி போன துக்கம் போதாதா?"

"அவளுக்கு அப்பா அண்ணி அவரு."

"கொஞ்ச நேரம்தானே, வண்டி வந்துடும்." இப்படிச் சொன்னது அவளுடைய சொந்த அண்ணன். இனம் விட்டு இனம் கட்டிக்கொண்டார்கள் என்று இருபது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத இரண்டு வீட்டாரும், இன்று இந்தக் கதவுக்கு முன்னால்தான் ஒன்று சேர்ந்திருந்தார்கள்.

மகள் படுக்கையை விட்டு எழாமல் கிடந்த நாட்களில், "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்றார்கள் கணவர் வீட்டில். "செல்லம் ஜாஸ்தி. நாலு வேலை வாங்கு, தானா எழுந்திருப்பா" என்றார்கள் இவள் வீட்டில். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் இரண்டையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "லிஃப்ட் பாதியில நின்னா, உள்ள மாட்டினவனைச் சோம்பேறின்னா சொல்றோம்? ஆளைக் கூப்பிட மாட்டோமா?" மறுநாளே மகளைப் பைக்கில் ஏற்றி மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். பிறகு ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை. நேற்று வேலை இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"தள்ளுங்க அண்ணே."

"பைத்தியம்னு பேசுவாங்க. நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க?"

"பேசட்டும்." கூடத்துக்கே கேட்கும்படி சொன்னாள். "என் பொண்ணுக்கு மனசுக்கு முடியல. வைத்தியம் பாக்கறோம். இன்னும் பாப்போம். யாருக்காவது சங்கடமா இருந்தா வாசக்கதவு திறந்துதான் இருக்கு."

தாழ்ப்பாளை இழுத்தாள். மகள் சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வா. அப்பாகிட்ட போலாம்."

கூட்டம் ஒதுங்கியது. மகள் அப்பாவின் தலைமாட்டில் மண்டியிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பட்டென்று சிரித்துவிட்டாள்.

கூடத்தில் அழுகைகூட நின்றுபோனது.

"நான் சொன்னேன்ல" என்றாள் அண்ணி.

அவள் மகள் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். யாரோ அவருக்கு நேர்வகிடு எடுத்து, எண்ணெய் வைத்துப் படியப் படிய வாரியிருந்தார்கள். ஸ்கூலுக்குக் கிளம்பின பையன் மாதிரி இருந்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

"அம்மா, சீப்பு எங்க?"

"கையாலயே வாரு. அவரு என்னைக்குடி சீப்பைத் தொட்டாரு?"

மகள் அந்த வகிட்டை விரலால் கலைத்து, முடியை அவர் நெற்றியில் இழுத்துவிட்டாள்.