மகளின் பயம்

பந்தல்குடி மாரிச்செல்வம் எட்டு வருஷமாக லோடு லாரி ஓட்டினான். சரியான தூக்கம் கிடையாது. பசித்தால் டீ, அதற்கும் அடங்காவிட்டால் பரோட்டா. வயிறு எரிய எரிய வீட்டுக்கு வருவான். சோறு ஆறியிருந்தால்கூடக் கத்துவான், கையை ஓங்குவான். ஒருநாள் அந்தக் கை ஐந்து வயது மகள் கனிஷ்காவின் கன்னத்தில் விழுந்தது. மனைவி துர்காதேவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலவனத்தத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆளில்லாத வீட்டில்தான் அவனுக்குப் புத்தி வந்தது. லாரியை விட்டுவிட்டு அருப்புக்கோட்டையில் ஒரு நூல் கிடங்கில் பகல் வேலைக்குச் சேர்ந்தான். காலையில் கம்மங்கூழ், மதியம் சோறு, ஒன்பது மணிக்கெல்லாம் படுக்கை. நாலைந்து மாதத்தில் மனசு அடங்கியது. யாராவது ஏசினால்கூடச் சிரிக்க முடிந்தது.

ஒரு வருஷம் கழித்து மனைவியையும் மகளையும் கூட்டிவரப் பாலவனத்தம் போனான். அவன் பேச்சில் இருந்த நிதானம் துர்காதேவிக்கே ஆச்சரியமாக இருந்தது. மகளைக் கூப்பிட்டான். வந்தாள். தலையைத் தடவக் கையைத் தூக்கினான். பிள்ளை கண்ணை இறுக மூடி, இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அடிக்க வரலத்தா..." என்றான். தூக்கிய கையை இறக்கிக்கொண்டான்.

"நீங்க மாறிட்டீக, தெரியுது," என்றாள் துர்காதேவி. "ஆனா டீச்சர் கையத் தூக்குனாலும் இவ இப்படித்தான் பொத்திக்கிறா. நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வர எனக்கு மனசு வரல."

"வாரவாரம் வாரேன். தள்ளி உக்காந்து பாத்துட்டுப் போறேன்," என்றான்.

பஸ்ஸில் ஏறியதும் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர், "யாரும் தவறிட்டாகளாப்பா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தான்.