எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை. மட்டாஞ்சேரியில் பஜார் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் 214 வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்களைச் சரிபார்க்க, கொசு ஒழிப்புத் திட்டம் ஒன்றுக்கு அனுமதி தர வேண்டிய ஒப்புதல் குழுவின் சார்பில் விஸ்வநாத் என்ற அதிகாரி வந்தார்.

அந்தக் கையெழுத்துகளை வாங்கியவள் ரஹீனா. டெங்கு கொசுவை ஒழிக்க ஓர் ஆராய்ச்சி நிலையம் வகுத்த திட்டத்தில், தமிழ் பேசும் வீடுகளுக்குக் களப்பணியாளராக ஆறு மாதமாக அலைந்துகொண்டிருந்தாள். மரபணு மாற்றிய ஆண் கொசுக்களைப் பெட்டிகளில் கொண்டுவந்து விடுவார்கள். அவை கடிக்காது. சாதாரணமாக இப்படிப்பட்ட மாற்றம் குஞ்சுகளில் பாதிக்குத்தான் போகும், சில தலைமுறைகளில் மங்கிவிடும். இதுவோ ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளுக்கும் போகும், அவற்றின் குஞ்சுகளுக்கும் போகும். பெண் கொசுக்கள் மலடாகிக்கொண்டே வரும். முந்தைய மழைக்காலத்தில் ரஹீனாவின் மகள் சுலைஹா டெங்குவில் பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கொசு இனமே இல்லாமல் போகட்டும் என்றுதான் ரஹீனா இந்த வேலைக்கு வந்தாள்.

தமிழ்ப் படிவம் மூன்று பக்கம். வீட்டில் தமிழ் பேசினாலும் ரஹீனா படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அதனால் களமசேரியில் நடந்த பயிற்சியில் கொடுத்த ஒரு பக்க மலையாளக் குறிப்பை வைத்தே வீடு வீடாக விளக்கினாள். அதன் கடைசி வரி, 'எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்' என்றது. எதை என்று அதில் இல்லை. அவள் கொசுவை என்று எடுத்துக்கொண்டாள்.

முதலில் மாயம்மாள் வீடு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். இங்கே பிராட்வே சந்தையில் பூ விற்கிறார். மகன் மாரிச்செல்வம் கிடங்குகளில் பழைய பிளாஸ்டிக் டிரம் வாங்கி லாரியில் ஊருக்கு அனுப்புகிறான்.

"யாருட்டி இது, பொண்ணு பாக்க வந்தவரு கணக்கா ஷூவோட நிக்காரு?"

"சும்மா இரி மாயக்கா. ஆபீசர். ரெண்டு சோத்தியம் கேக்கணுமாம்."

விஸ்வநாத் ஹைதராபாத்காரர். அவருக்குத் தமிழும் மலையாளமும் தெரியாது. குஜராத்தி முதலாளியின் மிளகுக் கடையில் ஆறு வருஷம் இருந்த ரஹீனாவுக்கு இந்தி வரும். அவர் கையில் இருந்த தாளைப் பார்த்து இந்தியில் கேட்டார்.

"கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று இவருக்குத் தெரியுமா? விட்ட கொசுக்களை யாராலும் திரும்பப் பெற முடியாது என்று தெரியுமா?"

ரஹீனா இரண்டாவது கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னாள். அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். 214 வீட்டிலும் சொன்னது தப்பு. இப்போது வாயைத் திறந்தால் ஆறு மாத வேலை போகும், சந்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, திட்டம் இந்த மழைக்காலத்துக்கு வராது.

மாயம்மாளிடம் திரும்பினாள். "வேண்டான்னா திரும்ப எடுத்துக்கலாம்னு நான் சொன்னது ஓர்மை உண்டா, மாயக்கா?"

"அது மறக்குமா? பெட்டியோட வந்தது பெட்டியோட போயிரும்னு நீதான சொன்ன? அதைக் கேட்டுத்தானட்டி கையெழுத்தே போட்டேன்."

விஸ்வநாத் தலையைத் தூக்கினார். பெட்டி என்ற சொல் இந்தியிலும் ஏறத்தாழ அதுதான். "பெட்டி என்றாரே, என்ன பெட்டி?"

"படிவம் போடுகிற பெட்டி, சார். வேண்டாமென்றால் எழுதி அதில் போடுவாராம். இரண்டும் தெரியும் என்கிறார்."

அவர் இரண்டு கட்டங்களிலும் குறியிட்டார். அன்று ஆறு வீடுகளுக்குப் போனார்கள். மூன்றாவது வீட்டில் அதே பொய்யைச் சொல்ல ரஹீனாவுக்கு நாக்கு தடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்ப் படிவத்தை எடுத்து விரலை வைத்து வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில், 'விடப்பட்ட கொசுக்களைத் திரும்பப் பெற இயலாது' என்று தெளிவாகவே அச்சாகியிருந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள். பிப்ரவரிக் கடைசியில் அனுமதி வந்தது. மார்ச் 10ஆம் தேதி பெட்டிகள் வந்தன. மாயம்மாள் வீட்டு மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் ஒன்றை மாட்டினார்கள். மே மாதத்துக்குள் மூன்று முறை கொசு விட்டாகிவிட்டது.

மே 18, ஞாயிற்றுக்கிழமை காலையில் மாயம்மாள் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"டிரம்முல கொசு முட்டை ஒட்டிக்கிட்டே ஊரு ஊராப் போகுமாம். காஞ்சு கெடந்தாலும் சாகாதாம். டிவியில சொல்லுதான். மாரி வாரா வாரம் லாரி அனுப்புதான். ஊருல இருக்க எங்க அண்ணங்கிட்ட யாரு கையெழுத்து வாங்குனா? ஊருல ஒருத்தருக்காவது தெரியுமா? வேண்டாம் தாயி, எடுத்துட்டுப் போகச் சொல்லு."

"எடுக்க முடியாது, மாயக்கா."

"என்னது?"

"சம்மதத்தை மட்டும்தான் எடுக்க முடியும். கொசுவை இல்ல. நான் தெற்றா, தப்பாச் சொல்லிட்டேன்."

மாயம்மாள் கட்டிக்கொண்டிருந்த பூவை மடியில் வைத்தார். "எப்பத் தெரியும் உனக்கு?"

நேற்று என்று சொல்லியிருக்கலாம். ரஹீனாவுக்கு அது தோன்றவும் செய்தது. "அந்த ஆபீசர் வந்த அன்னைக்கே."

"நாலு மாசமா இங்க உக்காந்து சாயா குடிச்சிட்டுப் போறியே. ஒரு நாளாவது தொண்டையில நிக்கலையா உனக்கு?"

டெங்கு, சுலைஹா, ஆஸ்பத்திரி என்று சொல்ல ரஹீனாவிடம் காரணம் இருந்தது. மாயம்மாளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் இருவரும் திட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். பஸ்ஸில் மாயம்மாள் வேறு சீட்டில் உட்கார்ந்தார். அங்கே ரஹீனா நடந்ததை மலையாளத்தில் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டாள். அங்கிருந்தவர் பதிவேட்டைப் பார்த்து மாயம்மாளின் பெயரை நீக்கி, சம்மதம் திரும்பப் பெறப்பட்டதற்கு ரசீது கொடுத்தார். இரண்டு நாளில் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அது காலியாக இருந்தது.

ஒப்புதல் குழு நான்காவது முறை கொசு விடுவதற்குத் தடை விதித்தது. ரஹீனாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். செப்டம்பரில் சங்கரன்கோவிலில் பிடித்துச் சோதித்த முப்பத்தாறு கொசுக்களில் ஐந்தில் அந்த மரபணு மாற்றம் இருந்தது.