சாவ்தான் என்றதும் எழுந்த கற்கள்

ஹவில்தார் தனுஷ்கோடி 'சாவ்தான்' என்று அதட்டியதும், மண்ணுக்குள் புதைந்து கிடந்த எல்லைக் கல் ஒன்று எழுந்து விறைப்பாக நின்றது. அன்று செவ்வாய்க்கிழமை. மல்லாங்கிணறு போகும் காலை பஸ் அப்போதுதான் கடந்திருந்தது. கல்லின் தலையிலிருந்து கரிசல் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. தனுஷ்கோடி ஆச்சரியப்படவில்லை. இருபத்துநாலு வருஷ ராணுவ சர்வீஸில் பதினோரு வருஷம் அணிவகுப்பு சொல்லிக்கொடுத்த உஸ்தாத் அவர். புதிதாகச் சேர்ந்த பையன்கள் முதல் நாளில் இதைவிட மெதுவாகத்தான் எழுந்து நின்றிருக்கிறார்கள். அடுத்த கல்லுக்கு நடந்தார்.

அவர் ஊர் திரும்பி இரண்டு வருஷமாகியிருந்தது. வந்த முதல் வாரத்திலேயே ஏ.டி.எம். ஒன்றுக்கும், கல்யாண மண்டபம் ஒன்றுக்கும், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூல் மில் கேட்டுக்கும் காவல் வேலைக்கு அழைப்பு வந்தது. "மிலிட்டரிக்காரருன்னா செக்யூரிட்டிதானண்ணே, வேற என்ன?" என்று கேட்டார்கள். பனிமலையில் கூடாரத்துக்கும் கிடங்குக்கும் இடம் பார்த்தவர் அவர். எந்த மண் லாரியின் பாரம் தாங்கும், எந்தச் சரிவில் தண்ணீர் தேங்கும் என்று பாதத்தாலேயே சொல்லிவிடுவார். கம்பெனிகளுக்கு நிலம் பிடித்துக் கொடுப்பதுதான் இனித் தொழில் என்று முடிவுசெய்து விசிட்டிங் கார்டு அடித்தார். இரண்டு வருஷத்தில் ஒரு இடம்கூட முடியவில்லை. கதவு ஆடாமலிருக்க மனைவி சங்கரம்மாள் கார்டுகளைக் கட்டாக அடியில் சொருகினாள். பங்குனிக்குள் ஒன்றும் முடியாவிட்டால் மில் கேட்டுக்கே போய்விடுவதாக அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மில்காரர்கள் அதை நம்பி நீலச் சீருடையையே தைத்து அனுப்பிவிட்டார்கள். அது ஆணியில் தொங்கியது. மில் முதலாளியின் கார் தெருவில் போகும்போதெல்லாம் அதன் வலது கை தானாக எழுந்து சல்யூட் அடித்தது. பார்க்கச் சகிக்காமல் சங்கரம்மாள் இரண்டு கைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டு வைத்தாள்.

அந்தப் பங்குனியில்தான் உள்ளூர்ச் சம்சாரி சந்தனம்மாளின் இருபத்திரண்டு ஏக்கர் விலைக்கு வந்தது. குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று பக்கத்திலேயே குடோன் கட்ட இடம் தேடியது. கம்பெனி அதிகாரி அனுசியாவுக்கு நிலம் பிடித்துப்போனது. ஒரே ஒரு நிபந்தனை: மெயின் ரோட்டிலிருந்து லாரி வர முப்பதடிப் பாதை வேண்டும். சர்க்கார் வரைபடத்தில் அப்படியொரு வண்டிப்பாதை இருந்தது. தரையில்தான் இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் சுப்புராஜ் வருஷத்துக்கு ஒரு முழமாக எல்லைக் கற்களைப் பாதைக்குள் நகர்த்திப் புதைத்து, வேலி போட்டு, ஓர் ஆடு போகும் அகலத்தை மட்டும் மிச்சம் வைத்திருந்தார். பாதையில்லாத நிலத்தை யார் வாங்குவார்கள், கடைசியில் தன்னிடம்தான் வந்தாக வேண்டும் என்பது அவர் எண்ணம். வெள்ளிக்கிழமைக்குள் பாதையைக் காட்டாவிட்டால் வேறு ஊர் பார்ப்பதாக அனுசியா சொல்லிவிட்டார்.

அந்தப் பாதையைக் காட்டத்தான் தனுஷ்கோடி செவ்வாய்க்கிழமை கற்களை அதட்டினார்; மொத்தம் பதினேழு எழுந்தன. காரியம் அதனாலேயே கெட்டது. பருத்தி எடுத்துக்கொண்டிருந்த சந்தனம்மாளின் காதில் 'சாவ்தான்' என்பது 'சாவுதான்' என்று விழுந்தது. அவள் புருஷன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மடிப் பருத்தியைக் கொட்டிவிட்டு ஓடிவந்தாள்.

"ஏய்யா, எம் மண்ணுல நின்னுக்கிட்டு பதினேழு வாட்டி சாவுதான் சாவுதான்னு கத்துறீகளே, நல்லாருப்பீகளா?"

"ஐயோ மதினி, அது இந்தி. நிமிந்து நில்லுன்னு அர்த்தம்."

"அதத் தமிழ்ல சொன்னா கல்லு கேக்காதாக்கும்?"

அதையும் சொல்லிப் பார்த்தார். தமிழில் கல் அசையவில்லை. சந்தனம்மாள் நிலத்தை விற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உப்புச் சுற்றிப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை சுப்புராஜே கிராம நிர்வாக அலுவலர் காளிராஜை அழைத்து வந்தார். அனுசியாவின் காரும் வந்தது. வேடிக்கை பார்க்க ஊரே வந்தது. "பாருங்க சார், இவுகளே கல்ல எழுப்பிக் காட்டிட்டாக. எல்லாம் என் வேலிய ஒட்டித்தான நிக்குது? இதுக்கு மேல சாட்சி வேணுமா?" என்றார் சுப்புராஜ். பேச்சில் தப்பில்லை. அவர் புதைத்த இடத்தில்தானே கற்கள் எழுந்து நின்றன? "ஏலே தனுஷ்கோடி, மில்லு கேட்டுல ஃபேன் போட்டுருக்காகளாம்லே. போய் காத்தாட ஒக்காரு" என்றதும் கூட்டம் சிரித்தது. காளிராஜ் பேனாவைத் திறந்தார். அனுசியா கார் கதவைத் திறந்தார்.

தனுஷ்கோடி தலையைக் குனிந்தபடி நடந்தார். நாலு எட்டு வைத்தவர் நின்றுவிட்டார். கற்கள் இரண்டு நாளாக வெயிலில் விறைப்பாக நிற்கின்றன. அணியை அப்படியே நிற்கவிட்டு உஸ்தாத் வீட்டுக்குப் போவது எந்தப் படையிலும் கிடையாது. திரும்பினார். குதிகால்களைச் சேர்த்தார்.

"விசர்ஜன்!"

அணி கலையலாம், அவரவர் இடத்துக்குப் போகலாம் என்று அர்த்தம். பதினேழில் பதினைந்து கற்கள் வலப்பக்கம் திரும்பின, ஒருமுறை தரையை உதைத்தன, புறப்பட்டன. வேலிக் கம்பிகள் அறுந்து சுருண்டன. கற்கள் சுப்புராஜின் கொய்யாக் கன்றுகளை மிதிக்காமல் ஊடே நடந்து, அந்தக் காலத்து சர்வேயர் முதன்முதலில் நட்ட குழிகளைத் தேடிப் பிடித்து இறங்கி நின்றன. புழுதி அடங்கியபோது மெயின் ரோடு வரைக்கும் பாதை நேராகக் கிடந்தது. காளிராஜ் நாடா பிடித்து அளந்தார். முப்பதடி. ஒரு விரற்கடை கூடவுமில்லை, குறையவுமில்லை.

மிச்சம் இரண்டு கற்கள் மட்டும் உளியின் வெள்ளை மாறாமல், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றன.

"இந்த ரெண்டும் ஏன் போகல?" என்றார் காளிராஜ்.

"போறதுக்கு எடம் வேணும்ல சார்? போன வருசம் அதுகள வெலைக்கி வாங்கியாந்து நட்டவுகளக் கேளுங்க" என்றாள் சந்தனம்மாள். எல்லோரும் சுப்புராஜைப் பார்த்தார்கள். அவர் செருப்பைத் தேடினார். காலில்தான் இருந்தது. சந்தனம்மாள் தனுஷ்கோடியிடம் வந்தாள். "கொழுந்தனாரே, நாளைக்கே கையெழுத்துப் போட்டுருவோம். அந்தச் சாவுதான இன்னொருக்காச் சொல்லுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு."

வெள்ளிக்கிழமை பத்திரம் பதிவானது. அடுத்த மூன்று வருஷத்தில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஆறு குடோன்களுக்கும் இரண்டு பெட்ரோல் பங்குகளுக்கும் தனுஷ்கோடி இடம் முடித்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு எதிரே அவர் போட்ட ஆபீஸில் இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள், ஒன்பது பேரும் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள். நீலச் சீருடையைச் சங்கரம்மாள் வெட்டிப் பத்திரம் வைக்கும் பைகளாகத் தைத்துவிட்டாள். தாலுகா சர்வேயர்களும் 'சாவ்தான்' பழகுகிறார்கள். குரல் பத்தாவிட்டால் கல் இடுப்பளவு எழுந்து நின்றுவிடுகிறது.

முதல் குடோன் திறந்தபோது கேட்டுக்கு இரண்டு பேர் வேண்டும், மிலிட்டரிக்காரர்கள் கிடைப்பார்களா என்று அனுசியா தயங்கித் தயங்கிக் கேட்டார். "எங்காளுக எல்லாரும் வேலையில இருக்காகம்மா" என்ற தனுஷ்கோடி, வயலில் போக்கிடமில்லாமல் நின்ற இரண்டு கற்களை நினைத்துக்கொண்டார். போய்ப் பேசினார். நடத்திக் கூட்டி வந்தார். ஒன்றுக்குப் பகல், ஒன்றுக்கு இரவு. லாரி டிரைவர்கள் பில்லைக் கல்லிடம் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். பில் சரியில்லை என்றால் கல் வழி விடுவதில்லை.