ஒரு சாண் உயரத்தில்

பின்பக்கத்திலிருந்து பார்த்தால் பேனரின் எழுத்துகள் இடம் வலம் மாறித் தெரிந்தன. இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த கலியன் வேறு வேலை இல்லாததால் அவற்றை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மனிதக் கை படாத டோஸ்ட் என்று மராத்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டிருந்தது. படாத கைகளில் ஒன்றில் ஈரத்துணியும் மற்றதில் நான்காக மடித்த அட்டைத் துண்டும் இருந்தன. இன்று கம்பெனியைப் பார்க்க வரும் விருந்தாளிகளிடமிருந்து இந்தக் கைகளை ஒளித்துவைக்கத்தான் காலையில் மேலாளர் அனிருத் இந்த இடத்தைக் காட்டினான். "இன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா உன் கேட் பாஸ் இன்னும் ஒரு வருஷம் ஓடும். யார் கண்ணுலயாவது பட்டே, பாஸைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடு" என்று இந்தியில் சொல்லிவிட்டு, பேனரின் சுருக்கத்தை இழுத்து நீவிவிட்டான். அவனை உறுத்தியது அந்தச் சுருக்கம்தான்.

கட்கியிலிருந்து பஸ் மாறி சாக்கணுக்கு வந்து இந்த டோஸ்ட் கம்பெனியில் நிற்பது கலியனுக்குப் பதினான்கு வருஷப் பழக்கம். பாக்கெட்டாகி அட்டைப் பெட்டிக்குள் அடங்கி வரும் டோஸ்ட்டை லாரிக்காகப் பேலட் என்கிற மரத் தட்டின் மேல் அடுக்குகிற கடைசி வேலை. ஷிஃப்டுக்கு நாலு பேர் இருந்தார்கள். அதே வேலையைச் செய்ய ஒற்றைக் கை ரோபோ வந்ததும் மூன்று பேரை அனுப்பிவிட்டார்கள். அவர்களில் ஒருவனான ஜெபகுமார் போகும்போது அதற்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனான். கலியனின் திறமைக்காகத்தான் அவரை வைத்துக்கொண்டதாக அனிருத் சொன்னான். உண்மையில் ரோபோவுக்கு ஓர் ஆயா தேவைப்பட்டது. பெட்டியை உறிஞ்சித் தூக்கும் அதன் ரப்பர் வாய்களில் டோஸ்ட் தூள் அடைத்தால் துடைத்துவிட வேண்டும். நழுவிய பெட்டியைப் பொறுக்க வேண்டும். கோணல் பேலட்டுக்கு அடியில் அட்டை சொருக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று அனிருத் வாங்கிப் போட்ட பேலட்டுகளில் பாதி கோணல்.

ரோபோவின் மேல் கலியனுக்குக் கோபம் இல்லை. அதற்குக் கண் கிடையாது. பெட்டி எங்கே இருக்க வேண்டும் என்பது எண்களாகத் தெரியும், எங்கே இருக்கிறது என்பது தெரியாது. அந்த வகையில் அதுவும் அனிருத்தும் ஒரே சாதி. என்ன, அனிருத்தை அணைக்க ஸ்விட்ச் வைக்கவில்லை.

இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் சுப்ரஜா. ரோபோவைப் பொருத்திக் கொடுத்த கம்பெனியின் இன்ஜினீயர், கோயம்புத்தூர்க்காரி, பாணேரில் குடியிருக்கிறாள். கலியன் தமிழ் என்று தெரிந்த நாளிலிருந்து, கேட்டதற்கெல்லாம் தரையில் சாக்பீஸால் படம் போட்டு விளக்குவாள். ரோபோவின் காலடியில் ஸ்கேனர் என்ற ஒரு சிறிய டப்பா. தரைக்கு ஒரு சாண் மேலே, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று அதிலிருந்து விசிறியாக விரிந்து படுத்திருக்கிறது. தரையில் போட்ட மஞ்சள் கோட்டுக்குள் அந்த வெளிச்சத்தில் ஆள் பட்டால் ரோபோ மெதுவாகும். சிவப்புக் கோட்டுக்குள் பட்டால் நின்றுவிடும். அதனால்தான் இதைச் சுற்றிக் கூண்டு கட்டவில்லை. ஆளோடு ஆளாக வேலை செய்வதற்கென்றே பிறந்த ஜாதி.

"கம்பி கிம்பி குறுக்க வந்தா இன்னா பண்ணும்?" என்று கலியன் கேட்டிருக்கிறார்.

"காலை விட ஒல்லியா இருந்தா கண்டுக்காதுங்கண்ணா. அப்படித்தான் அளவு வெச்சிருக்கோம். காலுக்கு மட்டுந்தான் மரியாதை."

போட்டோவில் ரோபோவும் பேனரும் சேர்ந்து விழ வேண்டுமென்று அனிருத் பேனரை ரோபோவுக்குப் பின்னால், மஞ்சள் கோட்டுக்கு உள்ளேயே, சிவப்புக் கோட்டை ஒட்டி நிறுத்தியிருந்தான். பேனரின் குழாய்க் கால்களும் ஸ்டூலின் கம்பிக் கால்களும் ஒல்லி. கலியனின் ஷூக்கள்தான் தடிமன். பேனரின் அடிவிளிம்பு தரைக்கு ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே முடிந்தது. ஸ்டூலின் குறுக்குக் கம்பி அதற்கும் மேலே. பாதங்களைக் கம்பியில் ஏற்றி வைத்துக்கொண்டால் ஸ்கேனருக்கும் தெரியாது, விருந்தாளிக்கும் தெரியாது. இதை அனிருத் யோசிக்கவில்லை. கலியன் யோசித்தார்.

இன்னொன்றையும் அனிருத் யோசிக்கவில்லை. விருந்தாளிகளுக்காகப் புதிதாக நீலப் பெயின்ட் அடித்த பேலட்டை வைத்திருந்தான். மேலே வழவழவென்று இருந்தது. அடியில் ஒரு மூலைக் கட்டை கட்டைவிரல் கனத்துக்குக் குட்டை. பேனருக்கும் குழாய்க்கும் இடையே இருந்த விரலகல இடுக்கு வழியாகக் கலியன் அதைக் கண்டுபிடித்தபோது இரண்டு அடுக்கு ஏறியிருந்தது, கதவு திறந்து செண்டு வாசனையும் வந்துவிட்டது. டோஸ்ட் பெட்டி லேசு, மூலை நசுங்கும். மூலை நசுங்கினால் சாயும், சாய்ந்தால் இன்னும் நசுங்கும். போன வாரமே இரண்டு முறை பார்த்திருக்கிறார். ஐந்தாவது அடுக்கில் மொத்தமும் சரியும்.

சூப்பர் மார்க்கெட் கம்பெனி ஒன்றின் ஆட்கள் ஆறு பேர் ரோபோவுக்கு எதிர்ப்பக்கம், மஞ்சள் கோட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த வைஷாலி என்ற அம்மாள்தான் தலைவி.

"ஒரு ஆள் கிடையாது மேடம்" என்றான் அனிருத். "நாம டீ குடிக்கப் போனாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்."

நாம போனாலும் என்கிறானே, இவன் இருக்கும்போது மட்டும் என்ன கிழிக்கிறான் என்று கலியன் நினைத்தார். மூன்றாவது அடுக்கு முடியப்போகிறது. அடுக்குக்கு எட்டுப் பெட்டி, ஒரு நிமிஷம். இப்போது போய் அட்டையைச் சொருகினால் ஆள் தெரிந்துவிடும், பாஸ் போகும். சரிந்தாலும் பாஸ் போகும். சரிவதற்குள் இவர்கள் டீ குடிக்கப் போய்விட்டால் உண்டு.

கலியன் இடது காலை மெல்லத் தரையில் வைத்தார்.

பறந்துகொண்டிருந்த ரோபோவின் கை சட்டென்று அடங்கியது. பெண் பார்க்க வந்த வீட்டில் காபி டம்ளரை இறக்குகிறவன்போலப் பெட்டியை இறக்கியது. கலியன் காலைத் தூக்கினார், வேகம் வந்தது. வைத்தார், அடங்கியது. இந்தக் கட்டடத்தில் அவர் சொல்லி இதுவரை ஒரு மின்விசிறிகூடச் சுற்றியதில்லை. காலை அங்கேயே வைத்துக்கொண்டார்.

இரண்டு பேர் கடிகாரம் பார்த்தார்கள். ஒருவர் கொட்டாவி விட்டார். அனிருத் சிரித்துக்கொண்டே டீ தயாராக இருப்பதாகச் சொன்னான். நாலு பேர் திரும்பியும்விட்டார்கள். வைஷாலி மட்டும் நகரவில்லை.

"ஏன் இவ்வளவு மெதுவா போகுது?" என்று இந்தியில் சுப்ரஜாவைக் கேட்டார்.

கேள்வி கேட்டவர்களைச் சுப்ரஜா சும்மா விடமாட்டாள். முகம் மலர்ந்துபோய் ஸ்கேனர், வெளிச்சம், மஞ்சள் கோடு, கால் தடிமன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "ஆள் உள்ள வந்தா மெதுவாகும் மேடம்."

"நாங்க எல்லாரும் வெளியதானே நிக்கிறோம்?"



"சென்சார்ல தூசி மேடம்" என்றான் அனிருத்.

"காலை விட ஒல்லியா இருந்தா கண்டுக்காதுன்னு இப்பதானே இந்தப் பொண்ணு சொன்னா?"

அனிருத் சுப்ரஜாவின் பக்கம் நெருங்கிப் பல்லைக் கடித்தபடி சொன்னான். "ஸ்கேனரை ஆஃப் பண்ணு."

"ஆள் இருக்கற இடத்துல அது முடியாதுங்க சார்."

"எந்த ஆள்? இங்க ஆளே கிடையாது."

சுப்ரஜா கையிலிருந்த, ரோபோவை இயக்கும் திரையைப் பார்த்தாள். பிறகு பேனரைப் பார்த்தாள். அவள் பார்வை எழுத்துகளைத் தாண்டிக் கீழே இறங்குவதை இடுக்கு வழியாகக் கலியன் பார்த்தார். அவள் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரிடம் சொல்வதுபோலத் தமிழில் சொன்னாள். "அண்ணா, காலை எடுத்துக்கோங்க."

"எடுத்தா வுயுந்துடும்மா" என்றது பேனர். "மூலைக் கட்டை குட்டையா கீது. அஞ்சாவது லைன் தாங்காது. முதல்ல அவங்களை டீக்கு இட்டுக்கினு போ."

போய்க்கொண்டிருந்த நாலு பேரும் நின்றார்கள்.

"யார் பேசினது?" என்றார் வைஷாலி.

"ரோபோ மேடம்" என்றான் அனிருத். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. "சாஃப்ட்வேர் தமிழ்நாட்டுல செஞ்சது. எப்பவாவது இப்படி..."

கலியனுக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருஷத்தில் இவன் தன்னைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய பாராட்டு இதுதான். வைஷாலி இன்னும் ஓர் அடி முன்னால் வந்திருந்தார், மஞ்சள் கோட்டை மிதிக்காத குறை. நான்காவது அடுக்கு முடிந்துவிட்டது. குட்டை மூலைக்கு மேலிருந்த பெட்டியில் முதல் மடிப்பு விழுந்திருந்தது, தூங்கி எழுந்தவன் கன்னத்துக் கோடுபோல. கை ஐந்தாவது அடுக்கின் முதல் பெட்டியைத் தூக்கியது. மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்துகொண்டிருந்தது. அனிருத், சுப்ரஜாவின் கையிலிருந்த திரையைப் பிடுங்கப் போனான்.

கலியன் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அட்டைத் துண்டை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு வலது காலை நீட்டிச் சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் அழுத்தி வைத்தார்.

ரோபோ நின்றது. பெட்டி அந்தரத்தில், ரப்பர் வாய்களில் தொங்கியது. உறிஞ்சும் காற்றின் சீறல் மட்டும் கேட்டது. வைஷாலி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மெல்லக் குனிந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். மனிதக் கை படாத டோஸ்ட் என்ற பெரிய எழுத்துகளுக்குக் கீழே, டோஸ்ட் தூள் படிந்த ஒரு கறுப்பு ஷூ வெளியே வந்திருந்தது. லேஸ் அறுந்த இடத்தில், பெட்டி கட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் நாடாவை இறுக்கி முடிந்திருந்தது.